நேர்ச்சை நாம்பனின் நாக்கு

மாட்டு நாக்கைச் சுடச்சுட உரிக்க வேண்டும். ஆறவிட்டால் தொலைந்தது. மேலே இருக்கிற சொரசொரப்பான வெள்ளைத் தோல் சதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு கத்தியால் சுரண்டினால் பாதிச் சதையும் தோலோடு போய்விடும். அக்குறணையில், பிங்கா ஓயாக் கரையில் இருந்த வீடுகளில் இது தெரியாத பொம்பிளை கிடையாது. றலியாவுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். நாக்குக் கறி என்றால் அதை றலியாதான் ஆக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் அவளுக்கு ஒரு பேர். அப்படிப்பட்டவள் அந்த ஹஜ்ஜுப் பெருநாள் பகலில், அவித்த நாக்கைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, தொடாமல், அது ஆறிப்போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தொடப் பயம். அது நேர்ச்சை மாட்டின் நாக்கு. அதில் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் பிள்ளைக்கும் நகக்கண் அளவுகூடச் சொந்தமில்லை. அந்தச் சங்கதி அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அது அவளுடைய சொந்த நாம்பன், இளங்காளை. நாவலப்பிட்டியில் கடை வைத்திருந்த அவளுடைய மூத்த நானா, தங்கச்சிக்கென்று கன்றாக மாட்டுக் கரத்தையில் ஏற்றிக்கொண்டுவந்து விட்டுப்போனது. புருஷன் மஹ்மூத் பொட்டணி வியாபாரி. சீத்தைத் துணியையும் சாரத்தையும் மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மலை ஏறி இறங்கி, சிங்களக் கிராமங்களில் விற்றுவிட்டு வருகிறவன். போனால் வர நாளாகும். அதனால் மாடு முழுக்க முழுக்க றலியாவின் பொறுப்பு. ஓயாக் கரையில் புல்லறுத்துப் போடுவாள், கழுநீர் வைப்பாள், பலா மரத்தில் கட்டுவாள், கயிற்றை அறுத்துக்கொண்டு அடுத்த வீட்டு மரவள்ளியைத் தின்றால் வாய் வலிக்க ஏசுவாள். கழுநீரைக் குடித்து முடித்ததும் அது அவள் முழங்கையை ஒரு நக்கு நக்கும். உப்புத்தாளை வைத்துத் தேய்த்தது மாதிரி எரியும். “சீ, தூரப் போ சனியனே” என்பாளே தவிரக் கையை இழுத்துக்கொள்ள மாட்டாள்.

முப்பத்துநாலாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பிங்கா ஓயா அங்கங்கே குட்டையாகத் தேங்கி நின்றது. கேகாலைப் பக்கமிருந்து குளிர்காய்ச்சல் மெல்ல மெல்ல மேலே ஏறி வந்து, வீட்டுக்கு வீடு பாயைப் போட்டது. கிராமங்களில் செத்த மையித்தை எடுக்க ஆளில்லாத நேரத்தில் சீத்தைத் துணி யார் வாங்குவார்கள்? மஹ்மூதின் பொட்டணி மூலையில் கிடந்தது. வீட்டில் இறைச்சி என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. கடைசியில் காய்ச்சல் அவர்கள் வீட்டுக்கும் வந்தது. பிடித்தது ஒரே பிள்ளையை. றமீலாவுக்கு ஆறு வயது.

மஹ்மூத் கொயினா மருந்து வாங்கக் கட்டுகஸ்தோட்டைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பிள்ளைக்கு இழுப்பு வந்தது. கண் மேலே செருகிக்கொண்டது. பல் கிட்டிக்கொண்டது. றலியா அவள் வாய்க்குள் விரலை விடப் பார்த்தாள், பேரைச் சொல்லிக் கத்தினாள், முகத்தில் தண்ணீரை அடித்தாள். வெளியே நாம்பன் தண்ணீருக்குக் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சொன்னாள்:

“எண்ட றப்பே, எண்ட புள்ளய எழுப்பித் தா. இந்த ஹஜ்ஜிக்கு எண்ட நாம்பன ஒனக்கு நேர்ச்சக் குர்பானாக் குடுக்கிறன்.”

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னே பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்து, “உம்மா, தண்ணி” என்றாள். மருந்தோடு மஹ்மூத் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். றலியாவுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாடறுத்துக் கொடுக்கிற குர்பான் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த முறைதான். நேர்ச்சையில்லாமல் சும்மா சுன்னத்தாகக் கொடுக்கிற குர்பானில் வீட்டுக்காரர் ஒரு பங்கு வைத்துக்கொள்ளலாம். தலையும் ஈரலும் பாபத்து என்கிற இரைப்பையும் வழமையாக அந்த வீட்டு அடுப்புக்குத்தான் வரும். பெருநாளன்று ஆம்பிளைகள் விடியலிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்து, குர்பான் ஈரலில்தான் முதல் வாய் வைப்பார்கள். ஆனால் நேர்ச்சை வைத்த குர்பான் அப்படியில்லை. அது முழுக்க ஏழைகளுக்கு. நேர்ந்தவரும் அவர் வீட்டாரும் அதில் ஒரு துண்டு வாயில் வைக்கக் கூடாது, எலும்பைக்கூடச் சூப்பக் கூடாது. ஓதப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் இது தெரியும்.

அப்படியென்றால் அவள் மஹ்மூதிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லத்தான் இருந்தாள். முதலில், பிள்ளை நன்றாக எழும்பட்டும் என்று பார்த்தாள். பிறகு, “இந்த வருஷம் நாம்பனக் குர்பான் குடுப்போம்” என்று மட்டும் சொன்னாள். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “நானே சொல்ல யோசிச்சிட்டு ஈந்த. நீ ஆசயா வளத்த மாடுண்டு பேசாம ஈந்திட்டன். எத்தின மாசமாப் போச்சி றலியா, வாயில ஒரு ஈரல் துண்டு படாம” என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு முன்னால் அவளுக்கு நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளிப் பெருநாளே வந்துவிட்டது.

தொழுகை முடிந்து ஆம்பிளைகள் வந்தார்கள். இறைச்சிக்கடை நளீர் கத்திகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். பெரிய வாய்க்காரர், ஆனால் கை சுத்தம். கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே, ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறது மாதிரிக் கேட்டார்:

“மஹ்மூத், நேர்ச்ச கீர்ச்ச ஒண்டும் இல்லயே? இப்பயே சொல்லிப் போடுங்கொ. பொறகு ஈரலத் திண்டு போட்டு பள்ளி லெப்பகிட்ட ஓட வாணாம்.”

“சே, சே. நேர்ச்சயொண்டும் இல்ல, நளீர் நானா. சும்மா சுன்னத்துத்தான்.”

குசினிக் கதவுக்குப் பின்னால் றலியா நின்றாள். ஒரு வார்த்தை போதும். கதவைத் தட்டியிருந்தால்கூட மஹ்மூத் உள்ளே வந்து என்னவென்று கேட்டிருப்பான். அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் புருஷனைப் பொய்யனாக்குவதா என்று அவள் நின்றாள். அதுவும் ஒரு சாட்டுத்தான். பிஸ்மில்லாஹ் சொல்கிற சத்தம் கேட்டது. நாம்பன் கத்தவில்லை.

தோலை உரித்து இறைச்சியைப் பங்கு போடத் தொடங்கியதும் அவள் மஹ்மூதைக் கூப்பிட்டாள்.

“இந்தாங்கொ, எங்கட பங்கயும் சேத்துக் குடுத்திடுங்கொ.”

“எல்லாத்தயுமா?”

“புள்ள உசிரோட ஈக்கிறாளே. அந்தச் சந்தோஷத்துக்கு.”

மஹ்மூத் நல்ல மனுஷன். “சரி, ஒண்ட மாடு. ஒண்ட இஷ்டம். ஆனா உள் சாமான வெச்சுக்கொள்ளு. ஈரல் இல்லாம எனக்கி பெருநாள் இல்ல” என்றான். இறைச்சிப் பங்குகளைப் பனையோலைக் கூடையில் அடுக்கிக்கொண்டு, காய்ச்சலில் ஆம்பிளை செத்த வீடுகளாகப் பார்த்துக் கொடுக்கப் போய்விட்டான்.

அதுவரைக்கும் அவள் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அவன் திரும்பி வருவதற்குள் உள் சாமானையும் நளீர் நானாவின் கையில் கொடுத்து, மேட்டுப் பக்கத்து விதவைகளுக்கு அனுப்பிவிடலாம், ஈரல் கெட்டுப்போய் இருந்தது என்றோ பூனை இழுத்துவிட்டது என்றோ ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். நளீர் பெரிய தாம்பாளத்தில் எல்லாவற்றையும் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தார். கறுஞ்சிவப்பில் ஈரல், ஈரத் துவாய் மாதிரி மடித்துப் போட்ட பாபத்து, ஒரு ஓரமாக நாக்கு.

“தங்கச்சி, நாக்க வேரோட எடுத்துத் தந்தீக்கி. ஒங்கட கைக்கறி எனக்கும் ஒரு கோப்ப வரோணும், சொல்லிப் போட்டன்.”

“நானா, கொஞ்சம் நில்லுங்கொ. இந்தச் சாமான…”

அந்த நேரம் பார்த்து அவளுடைய புடவையை யாரோ பிடித்து இழுத்தார்கள். றமீலா. கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் காய்ச்சற் கட்டியில் உப்பி இருந்தது. காய்ச்சல் விட்டும் பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதைக் கொடுத்தாலும் கைப்பு என்று துப்பிவிடும். டின் பாலைக் கரைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்றித்தான் அதுவரை உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். இப்படியே போனால் பிள்ளை தாங்காது என்று மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி சொல்லியிருந்தார்.

“உம்மா, அது என்த்தியன்?”

“நாக்கு மகள்.”

பிள்ளை குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “எனக்கி அத ஆக்கித் தாங்கொ. எனக்கி பசிக்கிது” என்றாள்.

பசிக்கிறது என்று அவள் வாயால் சொல்லி எத்தனை காலம்!  நளீர் வாசலில் நின்று, “என்த்த தங்கச்சி, என்னமோ சொல்ல வந்த?” என்று கேட்டார்.

“ஒண்டுமில்ல நானா. கறி அனுப்புறன்டு சொல்ல வந்த.”

அவர் போய்விட்டார். மனுஷ மனம் இருக்கிறதே, அதனிடம் வக்கீல்கூடப் பிச்சை வாங்க வேண்டும். தாம்பாளத்தைத் தூக்கி உள்ளே வைப்பதற்குள் அது ஆயிரம் நியாயம் கண்டுபிடித்துவிட்டது. நேர்ந்தது இறைச்சியைத்தானே, இறைச்சி முழுக்கப் போய்விட்டதே! நாக்கு இறைச்சியா? குடல் இறைச்சியா? கண்டிப் பக்கத்தில் பெரிய மனுஷர் வீடுகளில் இதைச் சீந்தவும் மாட்டார்கள், நாய்க்குப் போடுவார்கள். அல்லாஹ்வுக்குத் தெரியாதா ஒரு உம்மாவின் மனம்? இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டே அடுப்பை மூட்டி, நாக்கைக் கழுவி, உப்பும் மஞ்சளும் இஞ்சியும் போட்டு அவிய வைத்தாள். ஆனால் அவிந்து எடுத்துத் தட்டில் வைத்ததும் ஒரு நியாயமும் கைகொடுக்கவில்லை. வெந்த நாக்கு அவள் முழங்கையை நக்கின அதே வடிவில் சுருண்டு கிடந்தது.

அதனால்தான் ஆறவிட்டாள்.

“உம்மா, இன்னும் சரியில்லயா?” என்று பிள்ளை திரும்பக் கேட்டதும், அவள் நாக்கை மறுபடி கொதிதண்ணீரில் போட்டுச் சூடாக்கி எடுத்தாள். ஆறினதைச் சூடாக்கினால் தோல் லேசில் வராது. விரல் பொசுங்க நுனியிலிருந்து நுள்ளி நுள்ளி உரித்தாள். வேண்டுமென்றேதான் துணி பிடிக்கவில்லை. கை எரிந்தால் மனதுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் போலத் தோன்றியது; இருக்கவில்லை.

உரித்த நாக்கை வட்ட வட்டமாக வெட்டினாள். கொத்தமல்லியும் சோம்பும் மிளகும் கருக வறுத்து அம்மியில் அரைத்தாள். சட்டியில் தேங்காயெண்ணெய் விட்டு, வெங்காயம், உள்ளி, ரம்பை, கறிவேப்பிலை, கறுவாப்பட்டை தாளித்து, துண்டுகளைப் போட்டுப் பிரட்டினாள். இரண்டாம் பால் விட்டு மூடினாள். ஒருபக்கம் ஈரலை மிளகில் பிரட்டினாள். பாபத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சிரட்டையால் கறுப்பைச் சுரண்டி, மறுநாளைக்கென்று அவித்து வைத்தாள். தொட்டது தொட்டாயிற்று, இனி எதை விட்டு என்ன என்று ஒரு முரட்டுத்தனம் வந்திருந்தது. கட்டிப் பால் விட்டதும் கறி எண்ணெய் கக்கி மணத்தது. ஓயாக் கரை வரைக்கும் மணம் போயிருக்கும்.

உப்புப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். உப்பு அளவாக இருந்தது. அளவாக இருந்தும் இன்னொரு தரம் விட்டு நக்கினாள்.

மஹ்மூத் வந்து, பன்பாயில் உட்கார்ந்து, ஈரலில் முதல் துண்டை எடுத்து, “பிஸ்மில்லாஹ்” என்று வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். றமீலா அவன் பக்கத்தில் உட்கார்ந்து நாக்குக் கறியும் சோறுமாகத் தின்றாள். துண்டுக்கு மேல் துண்டாக, விரலைச் சூப்பிச் சூப்பி, ஆணம் முழங்கை வரைக்கும் வழிய வழியத் தின்றாள். மஹ்மூதுக்குத் தன் சோறு மறந்துபோயிற்று.

“றலியா, பாரு. புள்ள திங்கிறாள்.”

“ஓ.”

“எல்லாம் இந்த நாம்பன்ட பறக்கத்து. நீயும் இரு. இந்தா.” ஒரு துண்டைச் சோற்றில் பிசைந்து உருட்டி அவள் கையில் வைத்தான்.

“எனக்கி வாணாம்.”

“ஏன் வாணாம்? நாள் முழுக்க அடுப்படியில நிண்டவள். தின்.”

தின்றாள். மெத்தென்று வாயில் கரைந்தது. அவள் ஆக்கின நாக்குக் கறியிலேயே அன்றைக்கு மாதிரி ருசி என்றைக்கும் வந்ததில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கைப்பாக இருந்திருந்தால், தொண்டையில் சிக்கியிருந்தால், அழுதாவது தீர்த்திருப்பாள். சட்டியில் மிச்சம் இருந்ததை வழித்துப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் தின்றாள். பசி அவளுக்கும் இருந்தது, பாவம்.

மறுநாள் காலை பாபத்துக் கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். றமீலா பாயில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். உதடு நீலம். வீட்டில் இருந்த சீலை, சாரம், பொட்டணித் துணி எல்லாவற்றையும் அவள்மேல் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை.

இந்தக் காய்ச்சல் போய்ப் போய் வரும், மருந்தை நிறுத்தக் கூடாது என்று அப்போதிக்கரி வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். றலியாவும் தலையாட்டிக் கேட்டவள்தான். அதெல்லாம் அந்த நேரம் யாருக்கு ஞாபகம் வரும்! அவள் திரும்பக் குசினிக்கு வந்து, கொதிக்கிற பாபத்துச் சட்டியை இறக்கிக் கையில் தூக்கினாள். தூக்கிக்கொண்டு எங்கே போவது? கொட்டவும் ஆகாது, தின்னவும் ஆகாது. சட்டியும் கையுமாக அவள் நடு வீட்டில் நிற்கும்போதுதான் மஹ்மூத் கிணற்றடியிலிருந்து ஈரத் தலையோடு வந்தான்.

“என்த்த இது? சட்டியத் தூக்கிட்டு நிக்கிற?”

“திரும்ப வந்தீச்சி.”

“என்த்த வந்த?”

“காய்ச்சல். நான்தான் வரவெச்ச. எல்லாம் நான் செஞ்ச வேல.”

மஹ்மூத் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். “கொயினா எடுத்துக் குடு. ஏன் அழுற? வந்து வந்துதானே போற?”

“அது நேர்ச்ச நாம்பன்.”

அவன் திரும்பிப் பார்த்தான். “எது?”

“நீங்க கட்டுகஸ்தோட்டக்கிப் போன அண்டைக்கி, புள்ளக்கி இழுப்பு வந்த நேரம் நான் நேர்ந்த. வாயால சொல்லி நேர்ந்த. புள்ள எழும்பினா நாம்பன நேர்ச்சக் குர்பான் குடுக்கிறன்டு.”

மஹ்மூதுக்கு அது மண்டைக்குள் போக நேரம் எடுத்தது. சட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு பாயில் உட்கார்ந்துவிட்டான்.

“நேத்து நளீர் நானா கேட்ட நேரம் நீ எங்க ஈந்த?”

“கதவுக்குப் பொறத்தால.”

“நான் இல்லண்டு சொன்னது கேட்டதா?”

“கேட்ட.”

“கேட்டுட்டுமா பேசாம நிண்ட?”

“நீங்க முந்திட்டீங்க. அத்தின பேருக்கு முன்னால எப்பிடி…”

“அதுக்கு முந்தி எத்தின நாள் ஈந்தீச்சி! நான் வீட்டுலதானே கெடந்த. பொட்டணியும் தூக்கல்ல, ஊருக்கும் போகல்ல. ஒரு நாள், ஒரு நேரம், வாயத் தொறக்க ஏலாமப் போச்சா?”

“சொல்லோணும்டுதான் ஈந்த. நீங்க ஈரல் ஈரல்டு ஆசப்பட்டீங்க…”

“எண்ட தலையில போடாத றலியா! நேர்ச்சண்டு சொல்லியிருந்தா ஈரல் என்த்துக்கு, மாட்டுத் தோலுக்குக் கிட்டயும் போயிருக்க மாட்டன். விடிய இருந்து வயித்தக் காயப்போட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி, அல்லாஹ்ட சொத்துல முதல் வாய் வெச்சீக்கி. என்னயும் சேத்துத் தின்ன வெச்சிட்டியே பாவி!”

“ஒங்களுக்குத் தெரியாது. ஒங்களுக்குப் பாவமில்ல. எல்லாம் எனக்கித்தான்.”

“அப்ப இந்தப் புள்ளக்கி?”

றலியா சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: “அவளுக்காக நேர்ந்தத அவளுக்கே ஊட்டி விட்ட. அல்லாஹ் குடுத்ததத் திருப்பி எடுக்கப் போறான். நாக்கக் காட்டிப் புள்ளய எடுக்கப் போறான்.”

“வாய மூடு!” என்று கத்திவிட்டு மஹ்மூத் எழும்பினான். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஹபீல் லெப்பகிட்டப் போறன். என்த்த செய்யோணும்டு கேட்டுட்டு வாரன். அந்தச் சட்டிய எடுத்து நளீர் நானா வீட்டால விதவைகளுக்கு அனுப்பு” என்று சொல்லி, திரும்பிப் பாராமல் இறங்கிப் போனான்.

துணிக் குவியலுக்குள்ளிருந்து இரண்டு கண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

நடுக்கம் நின்று சூடு ஏறியது. சூடு பிள்ளையைப் போட்டு வாட்டியது. றலியா மருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள், ஈரத்துணி போட்டாள், தெரிந்த ஓதலையெல்லாம் ஓதி ஊதினாள். “என்ன எடு, என்ன எடு” என்று வாய்விட்டுக் கேட்டாள். மத்தியான ளுஹர் பாங்கு சொல்லி வெகு நேரத்துக்குப் பிறகு பிள்ளைக்கு வேர்த்தது. தலைமாட்டுத் துணி நனைய நனைய வேர்த்தது. றலியா துடைத்து, உடுப்பு மாற்றி, சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். அவசர அவசரமாகக் குழைய வடித்த சோற்றில் பருப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டுப் பிசைந்து கொண்டுவந்தாள்.

“ஆ, வாயத் தொற தங்கம்.”

றமீலா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கையையும் வாய்மேல் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

“கைக்குதா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்ப என்த்த மகள்? நேத்து எவ்வளவு வடிவாத் திண்ட.”

கைக்குள்ளிருந்து சின்னக் குரலில் வந்தது. “நாக்குக் கேட்டது நான்தானே.”

றலியாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“நான் திண்டதாலயா உம்மா அல்லாஹ் கோவிச்ச?”

“இல்ல மகள், இல்ல. யாரு சொன்ன?”

“நீங்கதான் வாப்பாகிட்டச் சொன்ன. அல்லாஹ் என்ன எடுக்கப் போறான்டு. நான் இனி ஒண்டும் திங்க மாட்டன். திண்டா எடுப்பான்.”

“எண்ட கண்ணே, இது சோறு. இதுல ஒண்டும் இல்ல. இது எங்கட சோறு. இது ஆகும்.”

“நாக்கும் ஆகும்டுதானே நேத்து நீங்க தந்த.”

பிள்ளை அதைக் கோபமாகச் சொல்லவில்லை, குற்றம் பிடிக்கவும் இல்லை. சும்மா உள்ளதைச் சொன்னாள். உம்மா ஆகும் என்று தந்தது ஆகாததாகப் போயிற்று. இனி உம்மா சொல்லை நம்பி எதைத் தின்பது?  இவ்வளவு நாளும் பிள்ளை வாய் கைத்துத் தின்னவில்லை. இனி பயந்து தின்னமாட்டாள். கைப்பு ஒரு நாள் போய்விடும். பயம் போகுமா? றலியா அந்தக் குச்சிக் கையையும் உப்பின வயிற்றையும் பார்த்தாள். காய்ச்சல் எடுக்காத உயிரை இந்தப் பயம் எடுத்துக்கொண்டு போய்விடும், அதைக் கொண்டுவந்து கொடுத்தது தானேதான் என்று அவளுக்கு நன்றாக விளங்கியது.

“மகள், இங்க பாரு. உம்மா வாப்பாகிட்டப் பொய் சொன்ன.”

றமீலா பார்த்தாள்.

“நேர்ச்ச ஒண்டும் வெக்கல்ல. ஒனக்குக் காய்ச்சல் வந்த பயத்துல உம்மாக்கு மூள பெரண்டு போச்சி. அதான் கண்டதயும் பேசின. அது சும்மா குர்பான் மாடு. நீ திண்டது ஆகும்.”

“மெய்யாவா?”

“மெய்யா.”

“வல்லாஹிண்டு சொல்லுங்கொ.”

ஓதப் பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டுக்குக்கூட அப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள். அல்லாஹ்மேல் ஆணையிட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. பொய்யாக ஆணையிட்டால் அதற்கு என்ன கிடைக்கும் என்பதும் பிள்ளைகளுக்கே தெரியும், றலியாவுக்குத் தெரியாதா? ஒரு நேர்ச்சையைத் தின்றதற்கே இந்தப் பாடு. இப்போது அந்த நேர்ச்சையே இல்லையென்று, அதைக் கேட்டுப் பிள்ளையை எழுப்பித் தந்தவன் பேரிலேயே சத்தியம் செய்ய வேண்டும்.

சோற்று உருண்டை கையில் ஆறிக்கொண்டிருந்தது.

“வல்லாஹி” என்றாள்.

வாசலில் நிழல் தட்டியது. மஹ்மூத் வந்து நின்றான். வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. ஓட்டமும் நடையுமாக வந்திருக்க வேண்டும். “றலியா, லெப்ப சொல்றாரு, திண்ட அளவுக்கு ஏழைகளுக்குக் குடுத்தா…” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். அவள் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பிள்ளை வாயிலிருந்து கையை எடுத்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. வாப்பாவைப் பார்த்தாள்.

“வாப்பா, அது நேர்ச்ச நாம்பன் இல்லயாம். உம்மா சும்மா சொன்னாவாம். மெய்யா?”

பொட்டணி வியாபாரத்தில் ஆணையிடாத ஆளைக் காண்பது அபூர்வம். மஹ்மூத் அப்படி ஒரு ஆள். ஒரு முழம் சீத்தைக்காகக்கூட அல்லாஹ்வின் பேரை இழுத்ததில்லை, அதனால் போன வியாபாரம் கொஞ்சநஞ்சமில்லை. றலியா தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் அவன் கத்தின கத்து அவள் காதில் இன்னும் இருந்தது. இப்போது அவன் உள்ளதைச் சொன்னால் அதில் ஒரு பிழையும் கிடையாது. சொல்லிவிடுவான் என்றே நினைத்தாள்.

மஹ்மூத் சால்வையால் முகத்தைத் துடைத்தான். வந்து பாயின் ஓரத்தில் குந்தினான்.

“ஓ மகள், மெய்தான். லெப்பகிட்டயும் கேட்டுட்டுத்தான் வாரன்.”

“வல்லாஹி?”

“வல்லாஹி.”

றமீலா வாயைத் திறந்தாள்.

றலியா ஊட்டினாள். அவசரத்தில் அரைவாசிச் சோறு பிள்ளையின் மடியில் சிந்தியது. பிள்ளை அதையும் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு வாயும் இறங்க இறங்க றலியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பயமும் தாங்கவில்லை. அவனையும் இழுத்துப் போட்டுவிட்டோமே, இந்தத் தரமும் தானே இழுத்துப் போட்டோமே என்று கண்ணீர் மூக்கால் வழிந்தது. துடைக்க ஒரு கை மிச்சமில்லை. மஹ்மூதின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அவன் தன் சால்வை முனையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டான்.

“மெல்ல மெல்லக் குடு” என்றான். “புள்ளக்குப் பொரயேறும்.”